பாலில் கலந்த தண்ணீர்

2022 மார்ச் 5, சனிக்கிழமை. அன்று நாட்டில் புதிதாகக் கோவிட் தொற்று கண்டவர்கள் 33,406 பேர். பெருந்தொற்றுக் காலம் முழுவதிலும் ஒரே நாளில் மலேசியாவில் பதிவான மிகப் பெரிய எண் அதுதான். மறுநாள் காலை நிகழ்ச்சியில் அந்த எண்ணை நான்தான் வாசித்தேன். வானொலியில் எண்களைத் தடுமாறாமல் வாசிக்க எனக்குப் பயிற்சி உண்டு. அன்று முப்பத்து மூவாயிரம் என்று சொன்ன இடத்தில் ஒரு கணம் குரல் நின்றுவிட்டது. நேயர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணுக்குள் என் அப்பாவும் இருந்தார்.

எங்கள் ஊர் சிலிம் ரிவர். வடக்கே போகிறவர்களுக்கு அது நெடுஞ்சாலையில் கடந்துபோகும் ஒரு பச்சைப் பலகை. எங்களுக்கு அது ரயில் நிலையம், பாசார், சுற்றிலும் தோட்டங்கள். அப்பா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் தாத்தா பாட்டியோடு மங்கு துடைக்கப் போனவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பழம் ஏற்றும் லாரி ஓட்டினார். சர்க்கரை நோய் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தபோது சிறுநீரகம் பாதி போயிருந்தது. 2018-இல், ஐம்பத்தெட்டு வயதில், டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். செலவைச் சொக்சோ ஏற்றுக்கொண்டது. "லாரிக்குச் சர்வீஸ் மாதிரிதான்" என்று அப்பா அதையும் வேலைக்குப் போவதுபோலப் பழகிக்கொண்டார்.

அவருக்கு வந்த தொற்று இருமலில் தொடங்கவில்லை. ஒரு நடுநிசித் தொலைபேசி அழைப்பில் தொடங்கியது.

வெள்ளி இரவு தாண்டி மூன்று மணி. அம்மா அழைத்தார். "அப்பா ஒரு மாதிரி பேசுறாரும்மா. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு." அன்று சாயங்காலம் அப்பாவுக்கு உடம்பு வலி. வெப்பமானியில் 37.5 தான் காட்டியது. "காய்ச்சல்கூட இல்லை" என்று விட்டுவிட்டார்கள். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தார். இன்சுலினை வழக்கமான அளவில் போட்டுக்கொண்டார்.

"சர்க்கரையைப் பாரும்மா" என்றேன். 2.9.

கைப்பேசியை வைக்காமலே, மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 4.6. அப்பாவின் குரல் கேட்டது: "யாரு, பாப்பாவா? தூங்கலையா நீ?" எனக்கு அழுகை வந்தது. காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி இருந்ததால் அழ நேரமில்லை.

மறுநாள் டயாலிசிஸ் மையத்தின் வாசலிலேயே பரிசோதனை செய்தார்கள். இரண்டு கோடு. மைசெஜாத்ராவில் நிறம் மாறியது. மாலைக்குள் அப்பா மருத்துவமனையின் தனிப்பிரிவில் இருந்தார்.

அந்த இரவு என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் ஒரு மருத்துவர் தொலைபேசியில் எனக்கு விளக்கினார். ஒரு கிருமி நுழைந்ததும் உடம்பு போருக்குத் தயாராகிறது. அதற்கான சுரப்பிகள் சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றுகின்றன. இன்சுலினின் பேச்சு எடுபடுவதில்லை. அதனால் சர்க்கரை நோயாளிகளுக்குக் காய்ச்சலில் பெரும்பாலும் சர்க்கரை ஏறும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊசியில் போடும் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அந்த வேலை நடக்காதபோது, போட்ட இன்சுலின் நெடுநேரம் உடம்பிலேயே தங்கும். சாப்பாடும் குறைந்துவிட்டால் சர்க்கரை சட்டென்று விழும். ஏறவும் செய்யும், விழவும் செய்யும். "அதனால்தான் காய்ச்சல் நாளில் அடிக்கடி குத்திப் பார்க்கச் சொல்கிறோம்" என்றார். 37.5-ஐயும் அவர் விட்டுவிடவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு உடல் வெப்பம் இயல்பிலேயே சற்றுக் குறைவு. கிருமி வந்தாலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் போகலாம். நமக்குச் சாதாரணமாகத் தெரியும் எண் அவர்களுக்குச் சாதாரணமாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 6.2. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆறுக்கு மேல் போனால் இதயத் துடிப்பே தடம் மாறலாம்.

"டாக்டர், அவர் ரெண்டு நாளா ஒன்னுமே சாப்பிடலையே. பொட்டாசியம் எங்கேருந்து வந்துச்சு?"

"சாப்பிட்டுட்டுதான் இருக்காரு. தன் சதையையே சாப்பிடுறாரு."

கிருமியோடு போராட உடம்புக்குப் புரதம் வேண்டும். நோயெதிர்ப்பு அணுக்களுக்கு வேண்டும். கல்லீரல் அவசரமாகத் தயாரிக்கும் தற்காப்புப் புரதங்களுக்கும் வேண்டும். வாய் வழியாக வரவில்லை என்றால் உடம்பு தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. நமக்கும் காய்ச்சலில் இது நடக்கிறது. ஆனால் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி தசைச் செல்களுக்குள்தான் இருக்கிறது. செல் உடைந்தால் அது ரத்தத்துக்கு வருகிறது. கூடவே பாஸ்பேட்டும் அமிலமும் வருகின்றன. புரதம் சிதைவதால் யூரியாவும் கூடுகிறது. நம் சிறுநீரகம் இவற்றைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். அப்பாவுக்கு வெளியேற வழியில்லை. அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி ஒரு முறை டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது ஏன் ஆபத்து என்று அன்றுதான் புரிந்தது. அன்றே, தொற்று உள்ளவர்களுக்கு என ஒதுக்கிய இயந்திரத்தில் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது.

மூன்று தடுப்பூசி போட்டிருந்தார். டயாலிசிஸ் நோயாளிகளின் உடம்பு தடுப்பூசிக்கு மற்றவர்கள் அளவுக்கு எதிர்வினை காட்டாது. இருந்தாலும் போட்டது வீண்போகவில்லை. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம். வீட்டில்தான் அடுத்த பாடம் காத்திருந்தது.

அப்பா திரும்பியது தெரிந்ததும் ஊரே அன்பைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டியது. ஒருவர் மூன்று இளநீர். ஒருவர் ஆரஞ்சுப் பழம் ஒரு பை. இன்னொருவர் பப்பாளி இலைச் சாறு, "டிங்கிக்கே கேக்குது, கோவிட்டுக்குக் கேக்காதா?" என்ற உத்தரவாதத்தோடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மரத்திலிருந்து நட்சத்திரப் பழம் பறித்துக் கொடுத்தார். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நட்சத்திரப் பழத்தில் உள்ள நஞ்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதவர்களுக்கு அந்த நஞ்சு மூளையைத் தாக்கி, வலிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. மரத்தடியில் நின்று சிரிக்கும் ஆன்ட்டியிடம் இதை எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். நானும் அம்மாவும் பழத்தைச் சாப்பிட்டோம், இளநீரையும் குடித்தோம். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்குக் கஞ்சி. காலையில் கஞ்சி, மதியம் ரசஞ்சோறு, இரவு மறுபடியும் கஞ்சி. நாக்கில் ருசி இல்லை. அவரும் வேறு எதுவும் கேட்கவில்லை. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று கேட்டு வளர்ந்தவர் அம்மா. காய்ச்சலில் விழுந்து எழுந்தவருக்கு வயிற்றை லேசாக வைக்க வேண்டும். அதோடு பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா பிழைத்து வந்தால் உத்திரம்வரை வீட்டில் சைவம் என்று அம்மா முருகனிடம் வேண்டியிருந்தார். முட்டைகூட இல்லை.

எங்களுக்குத் தைரியம் கொடுத்தது தராசுதான். நோய்க்கு முன் டயாலிசிஸ் முடிந்து அப்பா நிற்கும் எடை 61 கிலோ. அதை உலர் எடை என்பார்கள்; கூடுதல் தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் எடை. இயந்திரத்தில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் டயாலிசிஸ் முடிந்தால் 61 கிலோ. "பாத்தியா, ஒரு கிலோகூட எறங்கல" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார். நானும் தம்பிக்கு அதையே செய்தியாக அனுப்பினேன்.

ஆனால் அப்பாவின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டின் கடைசித் துளையும் போதவில்லை. ஆணியைச் சூடு காட்டி அவரே ஒரு புதுத் துளை போட்டார். மூன்று நாளில் இன்னொன்று. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. இரவில் படுத்தால் இருமல். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினார். கோவிட் இருமல் போக நாளாகும் என்று நினைத்துக்கொண்டோம்.

எடை குறையவில்லை, இடுப்பு மட்டும் குறைகிறது. இந்தக் கணக்கு உதைக்கிறதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தோன்றியது மையத்தில் இருந்த தாதிக்கு. அப்பாவுக்கு எல்லாத் தாதியும் மிஸ்ஸிதான். அந்த மிஸ்ஸி, அவர் புதுத் துளைக்குள் பெல்ட்டை இழுத்து மாட்டுவதைப் பார்த்தார். உட்காரச் சொல்லி, கணுக்காலில் விரலை அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியிருந்தது. மருத்துவரை அழைத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உங்கப்பா சதை எறங்கிப் போச்சு. அந்த எடத்துல தண்ணி நிக்குது. 61-ன்னு நெனச்சு நாங்க எடுக்குறோம். அவரோட நெஜ எடை இப்ப 61 இல்ல."

தசை கரைந்த அளவுக்குத் தண்ணீர் தங்கியதால் தராசு அசையவில்லை. இரவு இருமல் கோவிட் இருமல் அல்ல. நுரையீரலை எட்டிப் பார்த்த தண்ணீர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், கிருமி செய்யாததை அந்தத் தண்ணீர் செய்திருக்கும்.

நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பா சிரித்தார்.

"பால் ஸ்டோர் கதைதான்" என்றார். மிஸ்ஸிக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். தோட்டத்தில் வெட்டிய பாலை வாளியில் கொண்டுபோய் ஸ்டோரில் நிறுப்பார்கள். சிலர் வழியில் கொஞ்சம் தண்ணீர் கலந்துவிடுவார்கள். எடை ஏறும். ஆனால் கிராணி எடையை மட்டும் பார்க்க மாட்டார். பாலில் கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். கூலி அந்த உலர்ந்த ரப்பருக்குத்தான். "தராசுக்குத் தண்ணியும் ஒன்னுதான், பாலும் ஒன்னுதான் மிஸ்ஸி. கிராணிக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

ஊடகத்துறையில் பட்டம் வாங்கிய நான், எண்களை வாசித்தே பிழைக்கிற நான், அந்த எண்ணை நம்பி ஏமாந்தேன். எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அப்பா.

இரண்டு வாரத்தில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக, உலர் எடையை 57.5-க்கு இறக்கினார்கள். இருமல் நின்றது. ஒற்றைத் தலையணையில் தூங்கினார். அதாவது, மூன்றரைக் கிலோ அப்பா காணாமல் போயிருந்தார்.

அவரைத் திரும்பக் கொண்டுவருவது சமையலறை வேலை என்று உணவியல் நிபுணர் சொன்னார். இந்தத் தேய்வுக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: புரத–சக்தித் தேய்வு. சிறுநீரக ஊட்டச்சத்துக்கான அனைத்துலகச் சங்கம் 2008-இல் முன்வைத்த பெயர் அது. கிருமி வருவதற்கு முன்பே டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அதன் விளிம்பில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு டயாலிசிஸிலும் கழிவோடு சேர்ந்து 6 முதல் 12 கிராம்வரை புரதத்தின் மூலக்கூறுகளும் வெளியேறிவிடுகின்றன. உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், சும்மா படுத்திருக்கச் செலவாகும் சக்தியே ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அப்பாவுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு கிண்ணம் கஞ்சியில் இருப்பது இரண்டு, மூன்று கிராம். ஒரு முட்டையில் ஆறு. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு 'புரதத்தைக் குறையுங்கள்' என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தொடங்கிய பிறகு அந்தக் கணக்கே தலைகீழாகிவிடும். எங்கள் வீட்டில் பழைய பாடமே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு சமையலறையில் அம்மா வெகுநேரம் நின்றார். உத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

"தௌஹூ செஞ்சு குடுக்கறேன். பருப்பு போடுறேன். உத்திரம் முடியட்டுமே."

தௌஹூ நல்லதுதான், அதுவும் புரதம்தான் என்றேன். ஆனால் அவர் சாப்பிடும் அளவுக்கு அது மட்டும் போதாது என்பது இருவருக்கும் தெரியும். வேண்டுதலை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு நாள் கணவனைப் பார்க்க முடியாமல் தனி அறையில் கிடந்தபோது அம்மாவைத் தாங்கியது அந்த வேண்டுதல்தான். நான் கொடுத்த விளக்கம் எதுவும் அவரைத் தாங்கவில்லை.

காலையில் எழுந்தபோது அடுப்பில் இரண்டு முட்டை வெந்துகொண்டிருந்தது. அம்மா குளித்து விபூதி பூசியிருந்தார்.

"வேண்டிக்கிட்டது நான். விரதமும் நான் இருக்கறேன். அவரைப் பொழைக்க வைக்கத்தானே வேண்டினேன்? முருகனுக்குத் தெரியாதா?"

மார்ச் 18, உத்திரத்தன்று அம்மா பட்டினி கிடந்தார். அப்பா அவர் கையால் அவித்த முட்டையைப் பசியாறினார். உப்பு இல்லாமல்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? கோவிட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் கிருமிகள் போய்விடவில்லை. சளிக்காய்ச்சல் வருகிறது, டிங்கி வருகிறது, இன்னும் வரும். நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கு வரக் காரணம் சர்க்கரை நோய். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டையும் தாண்டுகிறது. இதைப் படிக்கும் உங்கள் குடும்பத்திலோ, அடுத்த வீட்டிலோ ஓர் அப்பா, ஓர் அத்தை, செவ்வாய் வியாழன் சனி என்று போய்வந்துகொண்டிருப்பார்.

அவருக்குக் காய்ச்சல் வந்தால், உடம்பு சூடு அதிகமில்லை என்று காத்திருக்காமல் மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். சர்க்கரையை இரவிலும் ஒரு முறை பாருங்கள். சாப்பாடு குறைந்தால் இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். இளநீரும் பழச்சாறும் அன்பின் அடையாளம்தான்; அதை நீங்கள் குடியுங்கள். கஞ்சி கொடுங்கள், ஆனால் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். எந்தப் புரதம், எவ்வளவு என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாரங்களில் தராசை மட்டும் பார்க்காதீர்கள். கால்சட்டையைப் பாருங்கள், கணுக்காலைப் பாருங்கள், எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று பாருங்கள். பார்த்ததை மையத்தில் சொல்லுங்கள். அவர்களுக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம்தான் அவர் தெரிவார். மிச்ச நேரமெல்லாம் உங்களுக்குத்தான் தெரிவார்.

போன மூன்றரைக் கிலோவில் இரண்டு கிலோ திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆனது. மிச்சம் வரவில்லை. அப்பா பழைய பெல்ட்டையே கட்டுகிறார். ஆணியால் போட்ட இரண்டு துளையில் ஒன்று இப்போது சும்மா கிடக்கிறது. மற்றதில்தான் கொக்கி மாட்டுகிறது. புது பெல்ட் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நான்தான் மையத்துக்கு அழைத்துப் போனேன். தராசில் ஏறி நின்றார். மிஸ்ஸி எண்ணைக் குறித்துக்கொண்டார். அப்பா இறங்காமல் கேட்டார்:

"அதுல பால் எவ்வளவு, தண்ணி எவ்வளவு மிஸ்ஸி?"

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே குனிந்து அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.